மூச்சிருந்த மீனுக்கு ஓதிய இன்னாலில்லாஹி

மச்சி,

இன்று காலையில் என் பேத்தி கராம்பு எண்ணெயில் பஞ்சைத் தோய்த்து என் கடைவாய்ப் பல்லில் வைத்தாள். இரண்டு நாளாக ஒரே நோ. "உம்மும்மா, வாயப் பொத்திக்கிட்டு இரிங்க, கதைக்கப்படா" என்று கட்டளை வேறு. அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், பல்லும் மறந்தது, பேத்தியும் மறந்தது. வாயில் பஞ்சோடு, "எல்லாம் படுத்திட்டா புள்ள?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆரு உம்மும்மா படுக்கிற?"

"மீன்."

பிள்ளை பயந்து போய்த் தன் உம்மாவைக் கூப்பிட ஓடினாள். பல் நோ தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பாள். எனக்கோ சிரிப்பு. பஞ்சு விழுந்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். நீ இருந்திருந்தால் உனக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. என் கண்ணைப் பார்த்தே, "ஓம், எல்லாம் படுத்திட்டு, நீ ஓதத் தொடங்கு" என்று குத்திக் காட்டியிருப்பாய்.

நீ இல்லை. அதனால் எழுதுகிறேன். "நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தாறன்" என்று பேத்தி வந்தாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் என் கையெழுத்தைத்தான் கரும்பலகையில் எழுத வைப்பார்கள். என் வீட்டுக்காரரோடு கூடப்பிறந்த என் மச்சிக்கு எழுத எனக்கு இன்னொருவர் கை தேவையில்லை.

கடல் ஊருக்குள் வந்த அன்று என் வீடு போனது. ஆட்கள் தப்பினார்கள். உனக்குக் கட்டிய மாப்பிள்ளையும் மூத்த மகளும் போனார்கள். சின்னவள் றிஸ்னா மட்டும் உன் இடுப்பில் மிஞ்சினாள். பிறகு தகரக் கொட்டில்களில் அடுத்தடுத்து இருந்தோம். உன் தகரத்தில் நீ தட்டினால் என் தகரம் அதிரும். என் ஆட்கள் எல்லோரும் மிஞ்சிவிட்டார்களே என்று உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அதை நீ கண்டுபிடித்துவிட்டாய். "என்னகா, என்னைக் கண்டா கடன்காரியக் கண்ட மாதிரி முழிக்கிறாய்? வா, தேத்தண்ணி ஊத்து" என்றாய். அன்றோடு அந்தக் கூச்சம் போனது.

மூத்தவளைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுவந்து கிடத்தியபோது நான் உன் பக்கத்தில் இருந்தேன். முகத்தை மூட நீ விடவில்லை. "நித்திரைதான் கொள்ளுறாள். கொஞ்சம் பொறுங்க, எழும்புவாள்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாய். பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் சொன்னாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இரண்டு மூன்று வருடம் போய், உதவி செய்ய வந்த ஒரு நிறுவனம் கடல்நீர் ஊருக்குள் ஏறும் தோணாக் கரையில் சீமெந்துத் தொட்டி கட்டித் தந்து, மாப்பிள்ளைமார் இல்லாத பெண்களையும் கஷ்டப்பட்ட பெண்களையும் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியது. கொடுவாக் குஞ்சு வளர்க்கும் வேலை. நீதான் முதலில் பெயர் கொடுத்தாய். "கடல் எடுத்தத தோணாவால திருப்பி எடுப்பம்" என்றாய். களஞ்சியப் பூட்டின் திறப்பும் உன் மடியில்தான் இருந்தது.

கொடுவாக் குஞ்சு பொல்லாத சாதி. ஒரே தொட்டியில் விட்டால் பெருத்தது சிறுத்ததை விழுங்கிவிடும். ஆகவே பெருத்ததை வேறாக, சிறுத்ததை வேறாகப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் துடிக்கும். அதன் செவுள் மூடி பிளேட் மாதிரி. நம் கை கிழியும், அதன் செதிளும் உரியும். உரிந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு நாளுக்கு நாள் செத்து மிதக்கும். முதல் தடவை பிரித்தபோது அப்படித்தான் அள்ளி அள்ளிப் புதைத்தோம்.

அந்த முதல் தடவையிலேயே நீ வலையைப் போட்டுவிட்டு வேலிக்குப் போய் வாந்தி எடுத்தாய். வெயில் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மாலையில் என் கொட்டிலுக்கு வந்து தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொன்னாய்.

"வாயத் தொறந்து தொறந்து மூடுது மச்சி. எண்ட புள்ளையும் அப்பிடித்தான் செஞ்சிருப்பாள். அண்டைக்கு நான் பாக்கல்ல. இப்ப பாக்கிறன்."

நான் உனக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். நீயே தொடர்ந்தாய்.

"கல்முனையில ஏஜென்சிக்காரனப் பாத்தன். சவூதிக்குப் போறன். கடலுமில்ல, மீனுமில்ல. மணல்தான். மணலுக்குள்ள போய்க் கிடக்கிறன்."

"றிஸ்னா?"

"நீ இரிக்கிறாய்தானே."

"நான் மாமிகா. நான் உம்மாவாகுவனா?"

"உம்மா இஞ்ச இரிந்து என்ன செய்ய? தின்னக் குடுக்க ஒண்டும் வேணாமா?"

நம் ஊரில் அப்படிப் போன பெண்களின் பிள்ளைகளை எனக்குத் தெரியும். உம்மாவின் குரலை மட்டும் தெரிந்து வளர்ந்த பிள்ளைகள். றிஸ்னாவை நான் நன்றாகத்தான் பார்ப்பேன். ஆனால் வாப்பாவும் ராத்தாவும் போன பிள்ளைக்கு உம்மாவும் போனால் நான் எதைக் கொடுத்து நிரப்புவேன்? மீனைத் துடிக்காமல் பிரிக்க ஒரு வழி கிடைத்தால் நீ நிற்பாய், கிடைக்காவிட்டால் விமானம் ஏறுவாய் என்பது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

மீன் வளர்ப்புச் சொல்லித்தர வந்த காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளையை உனக்கு மறக்காது. நம்மைவிட இளைய வயதுதான், ஆனாலும் நாம் 'சேர்' என்றோம். அவர் நம்மை அக்கா என்றார். தொட்டியில் மீன் செத்துக்கொண்டே போகிறதென்று ஒரு நாள் உன் கொட்டில் வாசலில், நிழலில் எல்லோரையும் கூட்டினார். நீ வெளியே வரவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே இருந்தாய்.

"கராம்பு எண்ணெய் கொஞ்சம் தண்ணியில கலந்தா மீன் மயங்கும் அக்கா. துடிக்காது. காயம் வராது. வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணியில விட்டா எழும்பிரும்" என்றார் அவர்.

"எழும்பாட்டி?" உள்ளேயிருந்து உன் குரல்.

"அளவு கூடினா எழும்பாதுதான். அதனால அளவு பாத்து ஊத்தோணும். செவுள் ஆடுறதப் பாத்துக்கொண்டே நிக்கோணும்." பிறகு பாவம், யாருடைய ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார். "எண்ணெய் தண்ணியில கரையாது. மேல மிதக்கும். முதல்ல ஸ்பிரிட்டுல, இல்லாட்டி கொஞ்சம் சாராயத்துல கரைச்சிட்டு ஊத்தலாம்."

முக்காடுகள் ஒன்றாக இழுபட்டன. அப்போது கதவுக்குள்ளிருந்து நீ கேட்டாய்: "ஏன் சேர், மீன் குடிச்சாப் பாவம் மீனுக்கு. ஊத்திக் குடுத்தாப் பாவம் ஆருக்கு?"

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அவருக்குக் காது சிவந்துவிட்டது. "ஐயோ, வேணாம் அக்கா, சாராயம் வேணாம். வெதுவெதுப்பான தண்ணியோட போத்தல்ல விட்டு நல்லாக் குலுக்கினா பால் மாதிரி வரும். அதுவும் சரிதான். ஊத்துற வரைக்கும் குலுக்கிக்கொண்டே இருக்கோணும்" என்றார். பிரிப்பதற்கு முதல் நாள் மீனுக்கு இரை போடக்கூடாது என்றும் சொன்னார். "அப்ப மீனும் நோன்பு" என்றாள் ஒருத்தி. மயக்கிய மீனை உடனே சந்தைக்குக் கொண்டுபோகக் கூடாது, மருந்து இறங்க விட வேண்டும் என்பதையும் இரண்டு தரம் சொன்னார்.

உன் குரலைக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் கதவு முழுதாகத் திறக்கவில்லை.

பிரிக்கும் நாளன்று அவர் பிந்தித்தான் வந்தார். நம் பக்கத்தில் சண்டை ஓய்ந்துவிட்டிருந்தாலும் வடக்கில் நடந்துகொண்டிருந்தது. சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பையும் கவிழ்க்கப்படும் காலம். "போத்தலத் தொறந்து மணந்து பாத்துட்டு, பல்லு வருத்தமா எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டுட்டன். மீன நித்திரையாக்கக் கொண்டுபோறன் எண்டு சொன்னா என்னையெல்லோ நித்திரையாக்கியிருப்பாங்கள்" என்றார்.

நீயும் வந்தாய். வேலைக்கல்ல. களஞ்சியத் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தாய். சவூதிப் பயணத்துக்கான மருத்துவப் பரிசோதனைக்கு உன்னைக் கூட்டிப் போக ஆட்டோ வரும் என்று சொல்லி, திறப்பை என் கையில் வைத்தாய். வைத்துவிட்டு வேலியோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். உன் கறுப்பு அபாயாவின் பின்பக்கம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

முதலில் ஒரே ஒரு மீனில் பார்க்கலாம் என்றார் சேர். அவர் அளந்து விட்டார், நான் குலுக்கினேன். பால் மாதிரித்தான் வந்தது. பேசன் தண்ணீரில் ஊற்றினோம், விரல் நீளக் குஞ்சு ஒன்றை விட்டோம். அது பாட்டுக்கு ஓடியது. பிறகு ஓட்டம் குறைந்தது. குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பி, வெள்ளை வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது.

நான் என்ன செய்வேன், மச்சி? அந்தக் காலத்தில் செத்தவர்களுக்கு ஓதுவதை நாம் எத்தனை பேருக்கு ஓதிவிட்டோம். அசையாத உடலைக் கண்டால் நாக்கு தானாகப் புரண்டது. "இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று மவுத்துக்குச் சொல்வதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நான் சொன்னதும் சுற்றி நின்ற அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். ஜனாஸா வீடு மாதிரி ஆகிவிட்டது.

"ஐயோ அக்கா, சாகல்ல! அது சாகல்ல!" என்று சேர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

உன் காதில் ஏறியது எங்கள் ஓதல்தான். நீ திரும்பினாய். செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடி வந்தாய்.

"மீனச் சாகடிச்சிட்டீங்களா? கொண்டுட்டீங்களாகா? துடிக்காமப் பிரிக்கிறண்டு சொல்லி ஒரேயடியாக் கொண்டுட்டீங்களா?"

என்னை ஒரு தள்ளுத் தள்ளினாய், இடுப்பில் பேசன் இடித்தது. அபாயாக் கையோடு தண்ணீருக்குள் கையை விட்டு அந்தக் குஞ்சைத் தூக்கினாய். அது துடிக்கவில்லை. உன் உள்ளங்கையில், ஈர வெற்றிலை மாதிரிப் பேசாமல் கிடந்தது. நீ குனிந்து, மூக்கு தொடும் அளவுக்குக் குனிந்து பார்த்தாய். செவுள் மூடி மெல்லத் திறந்தது. மூடியது. திரும்பவும் திறந்தது.

"மூச்சு இரிக்கி" என்றாய், உனக்கு மட்டும் சொல்வது போல. பிறகு நிமிர்ந்தாய். "மூச்சு இரிக்கிற மீனுக்கு ஆருகா இன்னாலில்லாஹி ஓதின?"

எல்லோர் விரல்களும் என் பக்கம் திரும்பின. நன்றி கெட்டதுகள், கூடவே ஓதியதுகள்தான்.

"அக்கா, சுறுக்கா அந்த நல்ல தண்ணிப் பேசன்ல விடுங்கோ" என்றார் சேர். "காத்து வாற குழாய்ப் பக்கம் வாய் இருக்கிற மாதிரிப் பிடியுங்கோ. கையை எடுக்க வேணாம்."

நீ குந்தியிருந்து பிடித்தாய். குமிழிகள் அதன் வாயில் பட்டுப் போயின. நாங்கள் சுற்றி நின்றோம். சேருக்கும் பயம்தான், நெற்றி வியர்த்திருந்தது. எனக்கு மட்டும் உன் உதடு அசைவது தெரிந்தது. "எழும்பு மகள். நித்திரைதானே? எழும்பு." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யா அல்லாஹ், இது ஒரு சின்ன மீன், இதையாவது எழுப்பிவிடு என்று கேட்டேன். எவ்வளவோ பெரிய காரியங்களுக்கு நான் அப்படிக் கேட்டதில்லை.

வால் ஒரு தடவை நடுங்கியது. ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது நேராக நிமிர்ந்தது. உன் கைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது, எங்கே இருக்கிறோம் என்று யோசிப்பது போல. பிறகு விரலிடுக்கால் நழுவிப் பேசனைச் சுற்றி ஓடியது.

நீ வெறுங்கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தாய். வேலிக்கு வெளியே ஆட்டோ வந்து நின்று ஹோன் அடித்தது. "ராத்தா, வாறீங்களா இல்லயா? எனக்கு வேற ஹயர் இரிக்கி!"

"நீ போ தம்பி" என்றாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். "எனக்கு வேல இரிக்கி." பிறகு எங்களைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறயள்? மத்ததக் கொண்டாங்க" என்றாய்.

நான் அந்த ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபுறமும் இரண்டு பேர் என்னைத் தூக்கினார்கள். "ஓதினவக்கே மயக்கம்" என்று நீ சொன்னதும் கேட்டது.

அதன் பிறகு எழுப்பும் பேசனை நீ ஒருவருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. நாங்கள் மயக்குவோம், பிரிப்போம், எழுப்புவது நீ. செவுள் மெதுவாவது தெரிந்தால் எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவாய். "கடைசி மீன் எழும்பாம ஒருத்தியும் ஊட்டுக்குப் போகப்படா" என்பது உன் சட்டம். சேரின் சட்டங்களைவிட அதற்குத்தான் பயந்தோம். எழும்பாததும் ஒன்றிரண்டு இருந்தன. இல்லையென்று சொன்னால் பொய். அவற்றை நீ கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பாய். பிறகு என்னிடம் நீட்டுவாய். "இந்தா, இதுக்கு ஓது." நாமிருவரும் சிரிப்போம். அப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியாது. சிரித்தோம்.

சண்டை முடிந்துவிட்டதென்று ஊரில் வெடி கொளுத்திய அன்றும் நாம் தொட்டியில்தான் நின்றோம். வெடிச் சத்தத்துக்கு மீன்கள் அடியில் ஒதுங்கின. "முடிஞ்சதாம் மச்சி" என்றேன். "நல்லம். இனி சேர் நேரத்துக்கு வருவார்" என்றாய். கொஞ்சம் கழித்து, "அந்தப் பக்கமும் எத்தின உம்மாமார் பாத்துக்கிட்டு நிக்கிறாங்களோ, எழும்பும் எழும்பும் எண்டு" என்றாய். பிறகு இரை வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் நோ தெரியாமல் இருக்க ஊசி போட்டபோது, கண் செருகுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "டொக்டர் அளவு பாத்துத்தான் ஊத்துறாரா எண்டு கேளு" என்றாய். டொக்டருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை. ஆனால் துடிக்கவும் இல்லை, மச்சி. உன் முகம் சுருங்கவில்லை. றிஸ்னா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருந்தோம். அழுதேன்தான். ஆனாலும் நெஞ்சின் அடியில் ஒரு நிம்மதி இருந்தது. அதை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்.

இன்று மாலை றிஸ்னா தன் பிள்ளைகளோடு வந்தாள். பேத்தி காலையில் நடந்ததைச் சொல்லி என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அது என்ன மீன் கதை என்று றிஸ்னா கேட்டாள். முழுதும் சொன்னேன். நீ வெளிநாடு போக இருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை. நீ சொல்லவேயில்லையாம். அவள் முகம் மாறியது.

"அந்த மீன் எழும்பாட்டி உம்மா போயிருப்பாவா மாமி?"

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. உன் மகளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஓம் மகள். போயிருப்பா."

அவள் மடியில் இருந்த சின்னதின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், "அண்டைக்கு நான் எங்க இரிந்தன்?"

"நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். பகல் வந்து சோறு கேட்டாய். உம்மா குழைச்சுத் தீத்தினா. எத்தின சவுக்காரம் போட்டும் அவட கையில கராம்பு மணம் போகல்ல."

றிஸ்னாவின் கண் விரிந்தது. "மாமி, அது எனக்கு நினைவிரிக்கி! புரியாணி மணம் வந்திச்சி. புரியாணியா உம்மா எண்டு கேட்டன். பாத்தா வெறும் சோறும் பருப்பும். நான் அழுதன். எண்ட நினைவில அது அழுத நாள் மாமி."

"ஓம், நீ அழுதாய். உண்ட உம்மா என்ன செஞ்சா எண்டு நினைவிரிக்கா?"

அவளுக்கு நினைவில்லை. எனக்கு நினைவிருக்கிறது, மச்சி. நான் வாசலில்தான் நின்றேன். சோற்றுக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நீ சிரித்தாய். புரையேறும் வரைக்கும் சிரித்தாய். கடல் வந்த பிறகு நீ அப்படிச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். அதை இத்தனை வருடமும் நான் மட்டும் வைத்திருந்தேன். இன்று உன் மகளுக்குச் சொன்னேன். "எப்பிடி மாமி சிரிச்சா? சிரிச்சுக் காட்டுங்க" என்றாள்.

வாயில் மிச்சமிருந்த பற்களோடு, எனக்கு இயன்றவரைக்கும், சிரித்துக் காட்டினேன்.